காதிரைச்சல்: செவித்துணைக் கருவி வாங்குவதா, ஒலி சிகிச்சை எடுப்பதா?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்ரசர் அறையை 26 ஆண்டுகள் பராமரித்தவன் நான். அந்த வேலையின் விளைவாகவோ வயதின் விளைவாகவோ, இரண்டும் சேர்ந்தோ, கடந்த ஏழாண்டுகளாக என் இரு காதுகளிலும் சில்வண்டு கத்துவதுபோல் ஓர் ஒலி ஓயாமல் கேட்கிறது. வெளியே அப்படி ஓர் ஒலி கிடையாது. எனக்கு மட்டுமே கேட்கிறது. மருத்துவர்கள் டின்னிடஸ் என்று சொல்வதைத்தான் நாம் காதிரைச்சல் என்கிறோம். எனக்கு இது இருப்பது தெரிந்த நாளிலிருந்து பட்டர்வொர்த்திலும் தீவிலும் உள்ள உறவினர்கள், கூட வேலை செய்தவர்கள், கோவிலில் பழக்கமானவர்கள் எனப் பலரும் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காது மிஷின் வாங்கலாமா, ஒலி சிகிச்சை போதுமா? காது மிஷின் என்பது செவித்துணைக் கருவி. ஒலி சிகிச்சை என்பது மழை, அலை போன்ற மெல்லிய ஒலியைக் கேட்டு இரைச்சலின் தொல்லையைத் தணிப்பது.

கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் இரைச்சல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் விவரிக்கிறார்கள். அதை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. உங்கள் செவித்திறன் பரிசோதனை என்ன சொல்கிறது, இரைச்சல் உங்களைப் பகலில் வதைக்கிறதா இரவில் வதைக்கிறதா என்னும் இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாகக் கிடைத்துவிடும். நான் மருத்துவன் அல்லன். இரண்டு வழிகளையும் சொந்தக் காதில் பரிசோதித்தவன் என்ற முறையிலும், ஆய்வுகளைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

## ஒப்பிடுவதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டால், அல்லது நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தொப் தொப்’ என்று கேட்டால், கருவியைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ யோசிக்கும் கட்டத்தில் நீங்கள் இல்லை. முன்னதில் செவி நரம்புக் கட்டி இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டியிருக்கும். பின்னதில் இரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டியிருக்கும். தலைச்சுற்றல், காதிலிருந்து சீழ், முகத்தின் ஒரு பக்கம் தளர்தல் ஆகியவை சேர்ந்திருந்தாலும் அப்படித்தான். ஒரு காது சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ திடீரெனக் கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அதற்கான ஸ்டெராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு முன்கூட்டியோ அவ்வளவு பலன் தரும்.

அதிக அளவு ஆஸ்பிரின், சில ஊசி வகை ஆன்டிபயாட்டிக்குகள், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் இரைச்சலை உண்டாக்கக் கூடியவை. சந்தேகம் இருந்தால் மருந்து கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெறும் காதுக் குறும்பியை எடுத்ததுமே இரைச்சல் தணிந்தவர்களும் உண்டு. தூக்கமில்லாமல் மனம் உடைந்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தவர்கள் இந்தக் கட்டுரையை ஒதுக்கி வைத்துவிட்டுச் மலேசியச் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.

## எந்த அளவுகோல்களை வைத்துப் பார்ப்பது

முதல் அளவுகோல் செவித்திறன். ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவெண்ணிலும் உங்களுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியை டெசிபலில் குறித்துத் தரும் ஆடியோகிராம் இல்லாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ‘எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது’ என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஆடியோகிராமில் 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஒழுங்காக வந்து, 4000 ஹெர்ட்ஸில் 55 டெசிபலுக்குச் சரிந்து, 8000 ஹெர்ட்ஸில் சற்றே மேலேறியிருந்தது. இயந்திர இரைச்சல் காதைக் கெடுத்ததற்கு அந்தப் பள்ளம்தான் அடையாளம் என்று செவித்திறன் நிபுணரான ஆடியோலஜிஸ்ட் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

இரண்டாவது, துன்பம் வரும் வேளை. கூட்டத்தில் பேச்சு புரியாமல் திணறிச் சோர்ந்துபோவது ஒரு வகைத் துன்பம். விளக்கை அணைத்ததும் அந்த ஒலி பெரிதாகித் தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு வகை. மூன்றாவது, ஆய்வுகள் எந்த அளவு துணை நிற்கின்றன என்பது. நான்காவது, முதல் நாள் விலையை விட்டுவிட்டு ஐந்தாண்டுக்கும் சேர்த்துப் பார்த்த மொத்தச் செலவு. ஐந்தாவதாக, நம் ஊரின் வியர்வைக்கும் ஈரக் காற்றுக்கும் நடுவில் தினமும் அதைப் பயன்படுத்தும் பொறுமை உங்களுக்கு இருக்குமா என்பது. இந்த ஐந்தில் முதல் இரண்டுக்கு நான் கொடுக்கும் எடை மற்ற மூன்றையும் சேர்த்ததைவிட அதிகம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வழிகளில் எதுவும் இரைச்சலை அழித்துவிடுவதாக நிரூபிக்கப்படவில்லை. இரைச்சல் உங்கள் கவனத்தின் மீது வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துவதுதான் இரண்டின் நோக்கமும். ‘குணமாகிவிடும்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

## செவித்துணைக் கருவி

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் சேதமடைந்தால், அந்த அலைவெண்களில் மூளைக்குப் போகும் தகவல் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்டக் கேட்கும் நரம்புப் பாதை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது நரம்புகளின் சொந்தச் சலசலப்பே ஓர் ஒலியாக உணரப்படுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். செவித்துணைக் கருவி அந்த இழந்த தகவலின் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுக்கிறது. சுற்றுப்புறத்தின் மெல்லிய ஒலிகள் மீண்டும் கேட்கத் தொடங்கும்போது, நிசப்தத்தின் நடுவே தனியாக நின்ற இரைச்சல் கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. பேச்சைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும் சோர்வும் குறைகிறது. அந்தச் சோர்வு குறைந்தாலே இரைச்சலின் தொல்லை குறைவதை என் அனுபவத்தில் கண்டேன்.

முதல் நாள் கருவியைப் பொருத்திவிட்டு ஆடியோலஜிஸ்ட் தன் மேசையிலிருந்த ஒரு தாளை இரண்டாக மடித்தார். தாள் மடிவதற்கு ஓர் ஓசை உண்டு என்பதையே நான் மறந்திருந்தேன். வீடு திரும்பும்போது காரின் சிக்னல் ‘டிக் டிக்’ என்று அடிப்பதைக் கேட்டு ஏதோ பழுது என்று நினைத்து ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். அன்று மாலை லெபோ பசாரில் சாமான் வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வந்த பிறகுதான், அந்தப் பத்து நிமிடமும் சில்வண்டு என் நினைவில் இல்லை என்பது உறைத்தது. இரவு கருவியைக் கழற்றி வைத்தவுடன் அது பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. பகலில் கருவி தரும் நன்மை இரவுக்கு அப்படியே நீளாது என்பதை இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, செவித்திறன் குறைவோடு நீடித்த, தொல்லை தரும் காதிரைச்சல் உள்ளவர்களைச் செவித்துணைக் கருவிக்காகப் பரிசோதிக்கும்படி பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது: உரையாடலைப் பாதிக்கும் செவித்திறன் குறைவு இருந்தால் கருவியைக் கொடுக்கலாம், குறைவு இருந்தும் உரையாடலில் சிரமம் இல்லாதவர்களுக்கு அதைப் பற்றி யோசிக்கலாம், செவித்திறன் குறைவே இல்லாதவருக்கு இரைச்சலுக்காகக் கருவி கொடுக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரி என் அத்தானுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கும் அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பேரங்காடி ஒன்றில் இருந்த கடையில், சுற்றிலும் ஆட்கள் நடமாடும் இடத்தில் ஒரு ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு, 9,800 ரிங்கிட்டுக்கு ஒரு ஜோடி கருவியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பின்னர் அரசாங்க மருத்துவமனையில் முறையாகப் பரிசோதித்தபோது அவருடைய செவித்திறன் வழக்கமான அளவுக்குள்ளேயே இருந்தது. நன்றாகக் கேட்கும் காதுக்கு எதைப் பெருக்கிக் கொடுப்பது? தட்டு வைக்கும் ஓசையும் மோட்டார் சைக்கிள் ஓசையும் அவரைக் கூடுதலாக வதைத்ததுதான் மிச்சம். ஆசிரியராக இருந்தவரின் சேமிப்பு அது என்பதால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

கருவி பொருத்தமானவர்களுக்கும் அதன் அமைப்பில் கவனிக்க வேண்டியவை உண்டு. இரைச்சலுக்காகப் பொருத்தும்போது காதுத் துவாரத்தை இறுக்கி அடைக்காத திறந்த முனையே பெரும்பாலும் நல்லது. அடைத்துவிட்டால் இயல்பாக உள்ளே வரும் ஒலியும் நின்று, இரைச்சல் மேலோங்கும். குறைவு கடுமையாக இருப்பவர்களுக்கு மட்டும் அடைப்பு அச்சு தவிர்க்க முடியாதது. அடுத்து, புதிய கருவிகள் பின்னணி ஓசையைத் தாமாகவே அடக்கிவிடுகின்றன. பேச்சுக்கு அது உதவி. காதிரைச்சல் உள்ளவருக்கோ அந்தப் பின்னணி ஓசைதான் மருந்து. ஆகவே அமைதியான சூழலுக்கென்று அந்த அடக்கத்தைத் தளர்த்தி ஒரு தனி அமைப்பைப் போட்டுத் தரும்படி கேளுங்கள். காதுக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, கருவி செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்து பொருத்துகிறார்களா என்றும் கேளுங்கள். ‘என் கணினி தானாகவே கணக்கிடும்’ என்ற பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். வழக்கமான கருவிகளின் பெருக்கும் ஆற்றல் 6000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் குறைந்துவிடுகிறது. விசில்போல மிக உச்சத்தில் ஒலிக்கும் இரைச்சல் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் பலன் அதனால் குறைவாக இருக்கலாம்.

மறைமுகச் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். விலை ஒரு காதுக்கு ஏறத்தாழ 2,000 ரிங்கிட்டில் தொடங்கி 10,000 ரிங்கிட்டைத் தாண்டியும் போகிறது. இரைச்சல் இரு காதிலும் என்றால் இரண்டு வேண்டும். 312 எண் பேட்டரி தினசரிப் பயன்பாட்டில் ஏறக்குறைய ஒரு வாரம் வரும். இரு காதுக்கும் ஆண்டுக்கு நூறுக்கு மேல் தேவை. ஆறு பேட்டரி கொண்ட ஓர் அட்டை 20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 350 ரிங்கிட்டை எட்டும். சார்ஜ் செய்யும் வகையில் இந்தச் செலவு இல்லை. ஆனால் சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் பேட்டரி வலுவிழந்து மாற்ற வேண்டி வரும். குறும்பித் தடுப்பான்கள், முனைகள், உத்தரவாதம் முடிந்தபின் பழுது ஆகியவை தனி. நம் ஊரின் ஈரப்பதத்தில் இரவுதோறும் சிலிக்கா ஜெல் போட்ட உலர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் கருவியின் ஆயுள் குறையும். நான் முதல் ஆண்டு அலட்சியமாக இருந்து ஒரு பக்க ஒலிபெருக்கியை மாற்ற நேர்ந்தது. நன்கு பராமரித்தாலும் ஐந்தாண்டை ஒட்டி அடுத்த கருவியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

## தனித்த ஒலி சிகிச்சை

இதன் அடிப்படை நம் வீடுகளில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கிறது. மலேசியாவில் மின்விசிறி ஓடாமல் உறங்கியவர் குறைவு. அந்தச் சீரான காற்றொலிதான் பலருடைய இரைச்சலைப் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கும். அமைதியான குளிர்சாதனத்தைப் புதிதாகப் பொருத்தி மின்விசிறியை நிறுத்திய வாரத்தில் ‘இரைச்சல் திடீரென வந்துவிட்டது’ என்று என்னிடம் சொன்னவர்கள் இருவர். அத்தானின் வார்த்தை இன்னும் துல்லியம்: “தம்பி, பகல்ல ஒரு தொந்தரவும் இல்ல, லைட்ட அணைச்சாத்தான் இது கிளம்புது.”

ஒலியால் இரைச்சலைத் தணிக்கலாம் என்பது பழைய அனுபவம். நவீன முறையாக அது உருவெடுத்ததில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் பணியாற்றிய ஆய்வாளர் ஜாக் வெர்னனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1970-களில் போர்ட்லாந்து நகரின் ஒரு நீரூற்று அருகே நடந்தபோது, உடன் வந்த காதிரைச்சல் நோயாளி ஒருவர் தண்ணீர் விழும் ஓசையில் தன் இரைச்சல் மறைந்துபோவதைச் சொன்னதிலிருந்து, இரைச்சலை மூடும், காதில் அணியும் கருவியின் எண்ணம் பிறந்தது. 1990-இல் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் வேறொரு கருத்தை வைத்தார்: இரைச்சலை முழுவதும் மூடிவிட்டால் மூளை அதற்குப் பழகாது, அதோடு கலந்து ஒலிக்கும் அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒலி கொடுத்து, ஆலோசனையும் சேர்த்து, ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்குள் மூளையைப் பழக்க வேண்டும் என்றார். இன்று ‘ஒலி சிகிச்சை’ என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு எண்ணங்களின் வழிவந்தவை: கைப்பேசிச் செயலி, மேசை மேல் வைக்கும் ஒலிப்பெட்டி, தலையணைக்குள் வைக்கும் ஒலிபெருக்கி, காதில் அணியும் ஒலி உண்டாக்கி, இரைச்சலின் சுருதியை நீக்கிவிட்டு அமைத்த இசை எனப் பல வடிவங்கள்.

ஆய்வுகளின் நிலவரம் அவற்றை விற்பவர்கள் சொல்வதைவிட மெலிந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 590 பேர் பங்கேற்ற 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. செவித்துணைக் கருவியானாலும் ஒலி உண்டாக்கியானாலும் காத்திருப்போர் பட்டியலையோ போலிக் கருவியையோ வெறும் அறிவுரையையோ விட மேலானது என்று காட்டும் ஆதாரம் அதற்குக் கிடைக்கவில்லை. யாஸ்ட்ரெபாஃப் முறையை அமெரிக்க இராணுவத்தினரும் அவர்கள் குடும்பத்தினருமான 151 பேரிடம் 18 மாதங்கள் சோதித்து 2019-இல் வெளியான ஆய்வில், முழு முறையைப் பெற்றவர்களும், போலி ஒலிக்கருவியோடு ஆலோசனை மட்டும் பெற்றவர்களும், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். இதிலிருந்து ஒலி பயனற்றது என்று நான் முடிவு கட்டவில்லை. மூன்று பிரிவினருமே தேறினார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து ஒரு ஒலித்திட்டத்தை வாங்க வேண்டிய அவசியத்தை இந்த முடிவுகள் வெகுவாகக் குறைத்துவிடுகின்றன. மின்விசிறியும் இலவசச் செயலியும் செய்யாததை விலையுயர்ந்த பெட்டி செய்யும் என்பதற்கு விற்பவர்தான் சான்று காட்ட வேண்டும்.

பயன்படுத்தும் முறை முக்கியம். இரைச்சலை அடித்து மூடும் அளவுக்கு ஒலியைக் கூட்டாமல், அது அடியில் மெல்லக் கேட்கும் அளவுக்கு வைக்க வேண்டும். மழை, அருவி, அலை போன்ற, அர்த்தமும் திருப்பமும் இல்லாத ஒலிகள் நல்லவை. பாடலை வைத்தால் மனம் சொற்களின் பின்னால் போய்விடும். தகரக் கூரையில் மழை பெய்யும் ஒலியைப் பல செயலிகளில் தேடி, தோட்டத்து வீட்டில் வளர்ந்த அத்தான் கடைசியில் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

மறைமுகச் செலவு இங்கே பணத்தைவிட மற்றவற்றில்தான் வருகிறது. பக்கத்தில் படுப்பவரின் தூக்கம் அதில் முதலாவது. அத்தான் மேசை ஒலிப்பெட்டி வாங்கிய நான்காம் நாள் அக்கா தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். நூறு ரிங்கிட்டுக்குள் கிடைத்த தலையணை ஒலிபெருக்கிதான் வீட்டில் சமாதானத்தைக் கொண்டுவந்தது. காதுக்குள் செருகும் இயர்போனை இரவு முழுதும் போட்டுக்கொண்டு உறங்குவது துவாரத்தில் புண்ணையும் குறும்பி அடைப்பையும் கொண்டுவரும்; ஒலியளவும் தெரியாமலே கூடிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்ச வரம்பு. சிகிச்சை ஒலி அதற்கு மிகக் கீழே இருக்க வேண்டும். செயலிகளின் மாதச் சந்தாவையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். செவித்திறன் குறைந்தவர் பகலில் காதில் ஒலி உண்டாக்கியை மட்டும் அணிந்தால், ஏற்கெனவே புரியாத பேச்சு இன்னும் புரியாமல் போகும் என்பதும் இந்த வழியின் பெரிய குறை.

## இரண்டும் சேர்ந்த கூட்டுக் கருவி

செவித்துணைக் கருவிக்குள்ளேயே அலையோசை, காற்றொலி போன்றவற்றைத் தரும் வசதி இப்போது பல நிறுவனங்களின் நடுத்தர, உயர்தர வகைகளில் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காக்ரேன் மதிப்பாய்வில் சேர்க்கப்பட்ட ஆய்வுகளில், கூட்டுக் கருவி அணிந்தவர்களுக்கும் சாதாரணக் கருவி அணிந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த வசதிக்காக மட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வாங்கும் விலைக்குள் அது இருந்தால் நல்லது. முதலில் அணைத்து வைத்து, ஓரிரு மாதம் கழித்தும் அமைதியான அறையில் இரைச்சல் தொல்லை தந்தால் திறந்துகொள்ளலாம். புளூடூத் உள்ள கருவியாக இருந்தால் கைப்பேசியின் மழையொலியையே கருவிக்குள் கேட்கலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | செவித்துணைக் கருவி | தனித்த ஒலி சிகிச்சை | கூட்டுக் கருவி |
|---|---|---|---|
| செவித்திறன் குறைவு | கட்டாயம் இருக்க வேண்டும் | இல்லாவிட்டாலும் பொருந்தும் | கட்டாயம் இருக்க வேண்டும் |
| அதிகம் உதவும் வேளை | பகல், உரையாடல், கூட்டம் | இரவு, அமைதியான அறை | பகலும், பகலில் அமைதியான வேளையும் |
| தொடக்கச் செலவு | ஒரு காதுக்கு ஆயிரக்கணக்கில் | இலவசத்திலிருந்து சில நூறு ரிங்கிட் வரை | பெரும்பாலும் முதலாவதைவிட அதிகம் |
| மறைந்திருக்கும் சுமை | பேட்டரி, ஈரம், பழுது, ஐந்தாண்டில் மாற்றம் | துணைவரின் தூக்கம், சந்தா, கூடிவிடும் ஒலியளவு | முதலாவதன் சுமை எல்லாம் |
| பழகும் காலம் | சில வாரம் முதல் சில மாதம் | சில இரவு முதல் பல மாதம் | சில வாரம் முதல் சில மாதம் |

## கையைக் கடிக்காமல் வாங்குவதற்கு

அவசரம் இல்லாதவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குவதே சிக்கனம். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பினாங்கு மருத்துவமனை போன்ற இடங்களின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனால் நிபுணரைப் பார்க்கும் கட்டணமும் குறைவே. காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அங்கே எடுக்கும் ஆடியோகிராமை எந்த விற்பனையாளரிடமும் கொண்டுபோய்க் காட்டலாம், உங்களுக்கு எதையும் விற்கும் கட்டாயத்தில் எடுத்ததல்ல அது.

அரசு ஓய்வூதியர்கள், அரசாங்க மருத்துவரின் சான்றோடு பொதுச் சேவைத் துறையிடம் கருவிக்கான செலவைக் கோரலாம். சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டுப் பிறகு கேட்பதைவிட முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. சமூக நலத்துறையில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு பெறும் அளவுக்குக் குறைவு உள்ளவர்கள் அங்கே கருவிக்கான உதவியைக் கேட்கலாம்; பதிவு பெற்றவருக்காக வாங்கும் அடிப்படைத் துணைக்கருவிக்கு 6,000 ரிங்கிட் வரை வருமான வரிச் சலுகையும் உண்டு. என்னைப்போல் தொழிற்சாலையில் காதை இழந்தவர்கள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவை மறந்துவிடக் கூடாது: வேலையிட இரைச்சலால் வந்த செவித்திறன் இழப்பு தொழில்சார் நோயாகக் கருதப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிகளின்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலே வரம்பு. அதற்கு முன்பிருந்த 1989-ஆம் ஆண்டு விதிகளில் அது 90 ஆக இருந்தது. நான் வேலை செய்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தப் பழைய வரம்பின் கீழ்தான் கழிந்தது. இன்று கம்ப்ரசர் அறையில் நிற்கும் தம்பிகள், ஆண்டுதோறும் எடுக்கும் செவிப் பரிசோதனையின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள். பிற்காலத்தில் கோரிக்கை வைக்க அதுதான் கையில் இருக்கும் சான்று.

ஜிங்கோ பிலோபா, மெலட்டோனின், துத்தநாக மாத்திரைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன 2014-ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியே அவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. அப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு மனநல உளவியலாளரைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். எண்ணங்களையும் எதிர்வினைகளையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு, கருவிகளுக்கு இல்லாத அளவுக்கு ஆதாரம் இருக்கிறது. 2020-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 28 ஆய்வுகளைப் பார்த்து, இரைச்சலால் வாழ்க்கைக்கு ஏற்படும் பாதிப்பை அது குறைக்கக்கூடும் என்றது. மேற்சொன்ன எந்த வழியை எடுத்தாலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் பேசி இந்தச் சிகிச்சையைத் தருபவர்கள் நம் ஊரில் இன்னும் பலர் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

## யாருக்கு எது

ஆடியோகிராமில் குறைவு தெரிந்து, குடும்பத்தார் பேசுவதை ‘என்ன, என்ன’ என்று திரும்பக் கேட்பவராக இருந்தால் செவித்துணைக் கருவிதான் முதல் தேர்வு. இரவுக்கு மின்விசிறியோ மழையொலியோ சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது இந்த நிலையில்தான். செவித்திறன் சரியாக இருந்து இரவில் மட்டும் தொல்லை என்றால் அத்தானைப்போல் ஒலி சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருவிப் பக்கம் போகவே வேண்டாம். குறைவு லேசாக இருந்து, பேச்சிலும் சிரமம் இல்லை, பகலிலும் இரைச்சல் தொல்லை என்பவர்களின் நிலைதான் கடினம். அவர்கள் மூன்று மாதம் ஒலியை முறையாக முயன்றுவிட்டு, பலன் இல்லாவிட்டால் கருவியை இரவல் முறையில் போட்டுப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். சாதாரண ஓசையே காதை வலிக்கச் செய்யும் அளவுக்குக் கூசுபவர்கள் எந்தக் கருவியையும் தாங்களாக வாங்காமல் ஆடியோலஜிஸ்டின் துணையோடு மிகக் குறைந்த ஒலியில் தொடங்க வேண்டும். கூசுகிறதே என்று நாள் முழுதும் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டால் கூச்சம் வளரும். தைப்பூசத்தில் உறுமி மேளத்தின் அருகே நிற்கும்போது மட்டும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன் சோதனைக் காலம் எத்தனை நாள், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 25 கேள்விகள் கொண்ட காதிரைச்சல் பாதிப்புக் கேள்வித்தாளைக் கருவி போடும் முன்பும் ஒரு மாதம் கழித்தும் நிரப்பச் சொல்லுங்கள். 100-க்கு எத்தனை என்று எண்ணாகக் கிடைக்கும் விடை, கடைக்காரரின் உற்சாகத்தையும் உங்கள் அன்றைய மனநிலையையும் தாண்டி நிற்கும். சோதனைக் காலத்தில் விருந்துக்கும் கோவிலுக்கும் மட்டும் போடாமல், காலையில் எழுந்தது முதல் வீட்டில் தனியாக இருக்கும் நேரத்திலும் அணிந்திருங்கள். திருப்பிக் கொடுக்கும் கடைசி நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே ஆடியோலஜிஸ்டிடம் நேரம் வாங்கிவிடுங்கள். ஒலியளவைத் திருத்திய பிறகும் அந்த ஒரு வாரம் போட்டுப் பார்க்க உங்களுக்குத் தேவைப்படும்.